கேளுங்க மக்கா: கன்சர்வேட்டிவ்னா வசவா?

போன இதழ்ல ஒரு பதில்ல போற போக்குல “நம்ம ஊர் ஆளுங்க கொஞ்சம் கன்சர்வேட்டிவ்தானே”ன்னு எழுதி வச்சிட்டேன், அவ்வளவுதான், வாட்ஸ்அப்லயும் தபால்லயுமா குவிஞ்சு போச்சு. சிலபேருக்கு கோபம், சிலபேருக்கு பெருமை, இரணியல்ல இருந்து ஒருத்தரு மட்டும் “திட்டுனீங்களா பாராட்டுனீங்களான்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி லெட்டர் போடுவேன்”னு எழுதியிருக்காரு. அவரு கேட்டதுதான் நியாயம். அதனால மரச்சீனி வெல, பென்ஷன் பாக்கி கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சாச்சு, இந்த மாசம் இது ஒண்ணுதான்.

மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர்: மகன் பெங்களூருல வேலை பாக்குதான். கல்யாணப் பேச்சு வந்தப்போ ஜாதகம் பாக்கணும்னேன், “அம்மா நீ ரொம்ப கன்சர்வேட்டிவ்”னு சொல்லிட்டு போனை வச்சிட்டான். அகராதியில பாத்தா பழமைவாதின்னு போட்டிருக்கு. முப்பது வருஷம் சயின்ஸ் நடத்துனவளுக்கு இது தேவையா? அந்த வார்த்தை எங்க இருந்துதான் வந்துச்சு?

டீச்சரம்மா, ஜாதகத்தை நீங்களும் மகனும் பேசித் தீத்துக்கிடுங்க, நான் அதுக்குள்ள வரல. வார்த்தைய மட்டும் சொல்லுதேன். அதுக்குள்ள பழசுங்கிற அர்த்தமே கெடையாது. லத்தீன்ல ‘செர்வாரே’ன்னா காக்குறது, காவலிருக்குறது. முன்னால ‘கான்’ சேந்தா பத்திரமா கட்டிக்காக்குறது. ப்ரிசர்வ், ரிசர்வ், அப்சர்வ் எல்லாம் அதே வயித்துல பிறந்ததுதான். கீரிப்பாறை போற வழியில ரிசர்வ் பாரஸ்ட்னு போர்டு பாப்பீங்கல்லா, காட்டு இலாகாவுல கன்சர்வேட்டர்னு பெரிய ஆபீசர் உண்டுல்லா, அதுவும் இந்த குடும்பம். நகராட்சியில பழைய ஆளுங்க துப்புரவுப் பிரிவை இன்னும் கன்சர்வன்சின்னுதான் சொல்லுவாங்க, அதுவும் இதே வேர். அவ்வளவு ஏன், ரிசர்வேஷன்ங்கிற வார்த்தையும் இதுக்கு கூடப்பிறந்ததுதான், ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு சொன்னா டிவி விவாதத்துல யாராவது நம்புவாங்களா?

இது அரசியலுக்குள்ள வந்த கதைதான் ருசியானது. கன்சர்வேட்டிவ்களுக்கெல்லாம் தாத்தான்னு எல்லாரும் கைகாட்டுறது எட்மண்ட் பர்க்கை. டப்ளின்ல பிறந்து லண்டன் பார்லிமெண்ட்ல உக்காந்தவரு. பிரான்ஸ்ல 1789-ல புரட்சி வெடிச்சுது, அடுத்த வருஷமே, 1790-ல, அதை எதிர்த்து ஒரு பெரிய புத்தகம் எழுதினாரு. ஆனா அந்த மனுசன் ஒருநாளும் தன்னை கன்சர்வேட்டிவ்னு சொல்லிக்கிட்டது கெடையாது, அப்போ அப்படி ஒரு கட்சிப் பேரே இல்ல. அவரு இருந்தது விக் கட்சி. எதிர்ல டோரி. இந்த ரெண்டு பேருமே வசவுதான் கேட்டேளா, டோரின்னா அயர்லாந்துல தலைமறைவா திரிஞ்ச கொள்ளைக்காரன், விக்னா ஸ்காட்லாந்துல மாடோட்டிப் போற முரட்டுக் கும்பல். 1680 வாக்குல ஒருத்தரை ஒருத்தர் அப்படி ஏசி ஏசி, பொறவு அதுவே பட்டப்பேரா ஒட்டிக்கிட்டு. நம்ம ஊர்ல பட்டப்பேரு இல்லாத குடும்பம் உண்டா, அதுமாதிரிதான். அதனால மகன் சொன்னதுக்கு ரொம்ப வருத்தப்படாதீங்க, அந்த நாட்டு அரசியலே வசவுலதான் ஆரம்பிச்சிருக்கு.

கன்சர்வேட்டிவ்ங்கிற வார்த்தை அரசியல்ல மொதல்ல பெருசா தலைகாட்டினது இங்கிலாந்துல இல்ல, பிரான்ஸ்ல. 1799-ல நெப்போலியன் ஆட்சியப் பிடிச்சதும் போட்ட அரசியல் சட்டத்துல ஒரு சபை உண்டு, அதுக்கு பேரே ‘செனா கன்செர்வாத்தர்’, காவல் செனட். எதைக் காக்க? ராஜா காலத்துப் பழசை இல்ல, புரட்சிக்குப் பொறவு வந்த புதுச் சட்டத்தை. சட்டம் மீறிப் போகாம பாத்துக்குற காவக்காரன் வேலை அதுக்கு. காவல் காத்த லட்சணம் என்னன்னா, 1804-ல நெப்போலியனை சக்கரவர்த்தியாக்க கை தூக்கினதும் அந்த சபைதான், 1814-ல அவரு தோத்ததும் பதவியில இருந்து எறக்கினதும் அதே சபைதான். வேலியே பயிர மேஞ்ச கதைன்னு சொல்லலாம், ஆனா இது ரெண்டு போகம் மேஞ்ச வேலி.

1818-ல ஷத்தோப்ரியான்னு ஒரு எழுத்தாளர், ராஜா கட்சிக்காரரு, ‘கன்செர்வாத்தர்’னே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாரு. புரட்சிச் சட்டத்தை காக்கப் போட்ட வார்த்தை இருபது வருஷத்துக்குள்ள ராஜாவையும் சர்ச்சையும் காக்கிறவங்க கைக்கு வந்திட்டு. அங்க இருந்து கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போச்சு. 1830-ல ஒரு லண்டன் பத்திரிகைக் கட்டுரையில, டோரி கட்சிய இனிமே கன்சர்வேட்டிவ் கட்சின்னு சொல்றதுதான் பொருத்தம்னு வந்தது, எழுதினது ஜான் வில்சன் க்ரோக்கர்னு சொல்லுதாங்க. 1832-ல ஓட்டுரிமைய விரிச்சு சட்டம் வந்து டோரிக்கு செம அடி. 1834 டிசம்பர்ல டோரி தலைவர் ராபர்ட் பீல் தன் தொகுதியான டாம்வொர்த் மக்களுக்கு ஒரு அறிக்கை விட்டாரு, நிரூபணமான தப்புகளை திருத்துவோம், வந்த சீர்திருத்தத்தை பின்னால இழுக்க மாட்டோம், ஆனா இருக்குற அமைப்ப இடிக்கவும் விடமாட்டோம்னு. கட்சிக்கு அந்தப் பேரு அப்படித்தான் நிலைச்சது. கன்சர்வேட்டிசம்னு ‘இசம்’ வந்து ஒட்டிக்கிட்டதும் அந்த 1830-களிலதான். டோரிங்கிற பழைய வசவு மட்டும் போகல, இன்னைக்கும் லண்டன் பேப்பர்ல தலைப்பு சின்னதா வேணும்னா டோரின்னுதான் போடுவான்.

ஆக டீச்சரம்மா, வேர் பாத்தா நீங்க காவக்காரி. மகன்கிட்ட எதைக் காக்குறீங்கன்னு நீங்கதான் சொல்லணும்.

நாகர்கோவில் வாசகர், புரூஃப் ரீடரா இருந்தவரு: அப்படின்னா பழமைவாதம்னு தமிழ்ல போட்டது தப்பா? வேற நல்ல சொல் இருக்கா?

தப்புன்னு சொல்ல மாட்டேன், பாதிதான் வந்திருக்குன்னு சொல்லுவேன். காவல் போயிட்டு, பழசு மட்டும் நின்னுட்டு. பழசுன்னு சொன்னதும் நமக்கு உளுத்த கட்டிலும் ஒட்டடையும்தானே ஞாபகம் வரும். அதுக்கு மேல அந்த ‘வாதம்’ வேற! சமஸ்கிருதத்துல பேச்சு, கொள்கைன்னு ஒரு வாதம், உடம்புல ஏறுற காத்து, அதான் முட்டுவாதம் பக்கவாதம்னு இன்னொரு வாதம், அங்க ரெண்டுக்கும் எழுத்து வேற, நம்ம தமிழ் எழுத்துல ரெண்டும் ஒண்ணாப் போச்சு. பழமைவாதம்னு கேட்டா எங்க பாட்டி, “எந்த வைத்தியசாலையில எண்ணெய் போடுதாவ”ன்னு கேட்டிருப்பா. நம்ம மாவட்டத்துல தெருவுக்கு ஒரு வர்ம வைத்தியசாலை இருக்குல்லா.

மரபுவாதம்னு சிலபேரு எழுதுதாங்க, அது கொள்ளாம், பழமைய விட மரியாதை ஜாஸ்தி. ஆனா மரபுங்கிறது காக்கப்படுற பொருள், காக்குற வேலை அதுலயும் இல்ல. காப்புவாதம்னு போட்டா இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரி இருக்கு. நான் பேசாம கன்சர்வேட்டிவ்னே எழுதிட்டுப் போறேன், பஸ்ஸை பஸ்னு எழுதலியா.

கூடவே ஒரு குழப்பத்தையும் பிரிச்சு விட்டுருதேன். கல்யாண விளம்பரத்துல ‘ஆர்த்தடாக்ஸ் ஃபேமிலி’, ‘கன்சர்வேட்டிவ் ஃபேமிலி’ன்னு ரெண்டையும் ஒரே அர்த்தத்துல போடுதாங்க, ஆனா ரெண்டும் வேற. ஆர்த்தடாக்ஸ் கிரேக்கச் சொல், சரியான நம்பிக்கைன்னு அர்த்தம், நம்ம ஆசாரம் வைதீகம் மாதிரி, சரி எது தப்பு எதுன்னு முடிவு பண்ணியாச்சு, இனி பேச்சில்ல. திருவிதாங்கோடு அரப்பள்ளிங்கிற பழைய சர்ச்சை ஆர்த்தடாக்ஸ் பள்ளின்னு சொல்றது இந்தச் சொல்தான். கன்சர்வேட்டிவ் அப்படி இல்ல, இருக்கிறதை மாத்துறதுக்கு முன்னால நாலு தடவ யோசிங்கிற குணம், அது சாமியே கும்பிடாதவனுக்கும் இருக்கலாம்.

இன்னொரு வார்த்தை இருக்கு, அதை நெனச்சா எனக்கு சிரிப்பா வரும். மாமூல். அரபியில ‘மஃமூல்’, வழக்கமா நடந்துட்டு வர்றதுன்னு அர்த்தம். நம்ம பழைய ரெக்கார்டுல எல்லாம் ‘மாமூல்படி’ன்னு எழுதியிருப்பாங்க, வாய்க்கால்ல முறைத் தண்ணி விடுறது மாமூல், கோயில்ல முதல் மரியாதை மாமூல். பொறவு ஆபீசுல குடுக்குற காசும் வழக்கமாயிட்டு, அதுவும் மாமூலாயிட்டு. இப்போ மாமூல்னா அந்தக் காசு மட்டும்தான். காக்கப்பட வேண்டிய வழக்கமெல்லாம் போயி லஞ்சம் மட்டும் அந்த வார்த்தையில பத்திரமா இருக்கு பாருங்க.

கருங்கல் வாசகர்: முட்டுவலிக்குப் போனேன், டாக்டர் “இப்போதைக்கு கன்சர்வேட்டிவா பாப்போம்”னாரு. பழைய வைத்தியமா பாக்கப்போறாரு?

இல்ல அண்ணாச்சி, கத்தி வைக்காம பாப்போம்னு அர்த்தம். மாத்திரை, எக்சர்சைஸ், எடை குறைக்கிறது, அதுல சரியாகலேன்னா மட்டும் ஆபரேஷன். காண்ட்ராக்டர் “கன்சர்வேட்டிவா போட்டாலே இருபது லட்சம் வரும் சார்”னு சொன்னா, குறைச்சுப் போட்ட கணக்குன்னு அர்த்தம். அவரு வாயில இருந்து அது வந்தா முப்பதுன்னு எடுத்துக்கிடுங்க.

அகஸ்தீஸ்வரம் பக்கத்துல இருந்து ஒரு கல்லூரி மாணவி: காக்குறது காக்குறதுன்னு இனிப்பா எழுதப் போறீங்கன்னு தெரியும். எங்க பாட்டிக்குப் பாட்டி தோள்சீலை போட்டதுக்கு அடி வாங்கினவங்க. அடிச்சவங்களும் வழக்கத்தைக் காக்குறோம்னுதான் சொன்னாங்க. இதுக்கு என்ன பதில்?

மக்கா, இந்த ஒரு லெட்டருக்காகத்தான் இந்த மாசம் முழுக்க ஒதுக்கினேன்.

நீ சொல்றது சரிதான். 1820-களில ஆரம்பிச்சு 1859 வரைக்கும் தென்திருவிதாங்கூர்ல நடந்தது அதுதான், நம்ம கல்குளம், இரணியல் பக்கமெல்லாம். நாடார் பொம்பளைங்க மேல்சீலை போடக்கூடாதுன்னு தடுத்தவங்க சொன்ன ஒரே காரணம் மாமூல், பூர்வீக வழக்கம். சந்தையில வச்சு சீலையக் கிழிச்சாங்க, வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தீ வச்சாங்க. 1859 ஜூலை 26-ம் தேதி ராஜா விளம்பரம், அதாவது அரசாணை, வந்தது, அதுலயும் பாரு, மேல மறைச்சுக்கிடலாம், ஆனா மேல்சாதிப் பொம்பளைங்க போடுற மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு வாலு. துணி குடுத்தாச்சு, மடிப்பு குடுக்கல. தலையில துண்டு கட்டக்கூடாதுன்னு இருந்த காலத்துல தலைப்பாகை கட்டிட்டு வான்னு சொன்ன வைகுண்டரோட சாமித்தோப்பு உங்க ஊர்ல இருந்து எவ்வளவு தூரம், உனக்கு நான் சொல்லவா வேணும்.

அதனால காவல்ங்கிற வார்த்தைய மட்டும் வச்சு யாருக்கும் நல்லவன் சர்டிபிகேட் குடுக்க முடியாது. பர்க்குக்கே இந்த அடி விழுந்தது. பிரான்ஸ் ராணிக்கு நேர்ந்த கதிய நெனச்சு அவரு அந்தப் புத்தகத்துல உருகி உருகி எழுதியிருப்பாரு, 1791-ல தாமஸ் பெயின் பதில் எழுதினப்போ, இவரு இறகுக்கு இரக்கப்படுறாரு, சாகுற பறவைய மறந்துட்டாருன்னு ஒரு போடு போட்டாரு. நல்ல கேள்வி அது, நீ கேட்ட அதே கேள்வி.

ஆனா பர்க் பக்கத்துலயும் ஒரு வரி உண்டு, அதை அவரு பேர்ல பேசுறவங்களே நிறைய பேர் விட்டுருவாங்க. மாறுறதுக்கு வழி இல்லாத அரசுக்கு தன்னைக் காத்துக்கிடவும் வழி இல்லன்னு, அதே 1790 புத்தகத்துல. ஓட்டு வீட்டுல கூரையத் தாங்குற கழுக்கோல் உளுத்துப் போச்சுன்னா மாத்துவோமா மாட்டோமா? எங்க அப்பா வச்சதுன்னு அப்படியே விட்டா ஒருநாள் மழைக்கு மொத்தக் கூரையும் தலையில எறங்கும். சரி, கழுக்கோல மாத்துறது சுலபம், அந்த வீட்டுல சிலபேரு திண்ணைக்கே வரக்கூடாதுன்னு கட்டியிருந்தா? அங்க பர்க் எனக்கு உதவமாட்டேங்காரு, அங்க எனக்கு வைகுண்டர்தான் வேணும்.

நம்ம ஊரு மருமக்கவழி கதையும் யோசிச்சுப் பாரு. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டுல சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்கு, பெத்த பிள்ளைக்கும் கட்டின பெண்டாட்டிக்கும் பெருசா ஒண்ணும் இல்ல. அதுவும் தலைமுறை தலைமுறையா காத்துட்டு வந்ததுதான். தேரூர்க்காரர் கவிமணி, அதே சமுதாயத்து ஆளு, உள்ள இருந்துட்டே மருமக்கள் வழி மான்மியம்னு கிண்டலா பாட்டு எழுதினாரு, படிச்சா இப்பவும் சிரிப்பு வரும், பின்னாலயே அழுகையும் வரும். கொல்லம் ஆண்டு 1101-ல, அதாவது 1926 வாக்குல, சட்டம் வந்து மாறிச்சு. மாத்தாதேன்னு நின்னவங்களும் அந்த வீட்டுக்காரங்கதான், மாத்துன்னு எழுதினவரும் அந்த வீட்டுக்காரருதான். ரெண்டு பேருக்கும் குடும்பம் நல்லாருக்கணும்னுதான் இருந்திருக்கும். கவிமணி எந்தக் குடும்பம்னு கேட்டாரு, தாய்வழிக் கூட்டுக்குடும்பமான தறவாடா, அந்த வீட்டுக்காரியும் அவ பிள்ளைகளுமான்னு.

குலசேகரம் வாசகர், ரப்பர் தொழிலாளி: நாப்பது வருஷமா செங்கொடி பிடிக்கேன். நேத்து சேந்த பையன் என்னைப் பாத்து “தோழர், நீங்க கன்சர்வேட்டிவ்”ங்கான். சங்கத்துல இருந்தே வெலகிரலாமான்னு இருக்கு.

வெலகாதீங்க தோழர், உங்களுக்கு துணைக்கு ஆள் இருக்கு. 1980-களோட கடைசியில சோவியத்துல கோர்பச்சேவ் மாத்தம் கொண்டு வந்தப்போ, வேண்டாம்னு நின்ன பழைய கம்யூனிஸ்ட் தலைவர்களை உலகப் பத்திரிகையெல்லாம் கன்சர்வேட்டிவ்னுதான் எழுதிச்சு. 1991 ஆகஸ்ட்ல அவரை வீட்டுக்காவல்ல வச்சு ஆட்சியப் பிடிக்கப் பாத்தவங்களும் அவங்கதான். அமெரிக்காவுல எடுத்தா நேர்மாறு, அங்க கன்சர்வேட்டிவ்னா சர்க்கார் தலையிடாத வியாபாரம் வேணும்ங்கிற ஆளு. நம்ம பக்கம் ராஜாஜி 1959-ல சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சப்போ அவரையும் அப்படித்தான் சொன்னாங்க, இருபது வருஷம் முன்னால, 1939-ல, மதுரை மீனாட்சி கோயில்ல தாழ்த்தப்பட்டவங்களும் நாடார்களும் நுழைஞ்சப்போ அதுக்கு சட்டத்துணை நின்னதும் அவருதான். எந்த வீட்டு வாசல்ல நிக்கான்னு பாக்காம காவக்காரனை மட்டும் பாத்து ஒண்ணும் சொல்லமுடியாது. அந்தப் பையனுக்கு ஒரு கட்டன்சாயா வாங்கிக்குடுத்து எதை மாத்தணும்ங்கான்னு கேளுங்க, ஒருவேளை ரெஜிஸ்டரை கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னுதான் சொல்லுவான்.

பூதப்பாண்டி பக்கத்துல இருந்து ஒரு விவசாயி: எங்க ஊர்க் குளத்துல பாதிய மண்ணு போட்டு மேடாக்கப் பாக்குதாங்க. மனு குடுக்கப் போனா அங்க ஒரு ஆபீசர், “இந்தக் காலத்துல போய் குளம் குளம்னு, நீங்கெல்லாம் மாறவே மாட்டீங்களா பெரியவரே”ன்னு சிரிக்காரு. நாங்க பழமைவாதியா?

ஐயா, உங்க லெட்டரப் பாத்ததும் எனக்கு பர்க்தான் மறுபடி ஞாபகம் வந்தாரு. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னாலயே, 1785 பிப்ரவரி 28-ல, அந்த மனுசன் லண்டன் பார்லிமெண்ட்ல மணிக்கணக்கா பேசினது எதைப் பத்தி தெரியுமா, ஆற்காட்டு நவாப் கடனைப் பத்தி. ஈஸ்ட் இந்தியா கம்பெனி ஆளுங்க நவாபுக்கு வட்டிக்கு விட்டு, அந்த வட்டிக்கு இந்தப் பக்கத்து குடியானவனைப் பிழிஞ்சாங்கல்லா, அதை எதிர்த்து. அதுல நடுவுல வந்து நிக்கும் பாருங்க, நம்ம ஏரியும் குளமும். இந்த நாடு மழையத் தேக்கி வச்சுதான் பிழைக்குது, கர்நாடகத்துலயும் தஞ்சாவூர்லயும் பெருசும் நடுத்தரமுமா பத்தாயிரம் ஏரிகளுக்குக் குறையாதுன்னு சொல்லுவாரு. கர்நாடகம்னா அப்போ ஆற்காட்டுச் சீமை, இப்போ இருக்குற பக்கத்து மாநிலம் இல்ல. இதையெல்லாம் வெட்டினவங்கதான் நிஜமான ராஜா, தன் ஆயுசோட நிறுத்தாம பொறவு வரப்போற தலைமுறைக்கும் காவலா நின்னவங்கன்னு புகழ்ந்துட்டு, இப்போ வட்டிக்காரன் கையில அதெல்லாம் பராமரிப்பில்லாம கெட்டுப்போகுதேன்னு கொதிப்பாரு. இந்தியாவுக்கு ஒருதடவ கூட வராத ஆளு. காகிதத்தையும் கணக்கையும் படிச்சே பேசினாரு. ஓட்டெடுப்புல அந்தத் தீர்மானம் தோத்துப் போச்சு, அது வேற சங்கதி.

அதனால குளத்தை மூடாதேன்னு சொல்ற நீங்க கன்சர்வேட்டிவ்தான், அந்த வார்த்தை மொதல்ல என்ன அர்த்தத்துல பிறந்ததோ அந்த அர்த்தத்துல. சுசீந்திரம் தேரூர் குளங்களை 2022-ல ராம்சார்ங்கிற சர்வதேச நீர்நிலைப் பட்டியல்ல சேத்து உலகமே பாதுகாக்கணும்னு சொல்லியிருக்கு, அதுக்கு கன்சர்வேஷன்னு பேரு, பெரிய படிப்புப் படிச்சவங்க செய்யுத வேலை. அதையே வேட்டி கட்டின பெரியவரு சொன்னா பழமைவாதம்.

ஒரு யோசனை மட்டும். மனுவுல ‘எங்க முன்னோர் காலத்துக் குளம்’னு ஆரம்பிச்சிருக்கீங்க, காப்பி பாத்தேன். அதை எடுத்துருங்க, அந்த வரியப் பாத்துதான் அவங்களுக்கு சிரிப்பு வருது. அதுக்குப் பதிலா எந்த மடையில இருந்து எந்த ஏலாவுக்கு, அதாவது வயல்பரப்புக்கு, தண்ணி போகுது, ரெண்டு நெல் போகத்துல கன்னிப்பூவுக்கு எத்தனை ஏக்கர் கும்பப்பூவுக்கு எத்தனை ஏக்கர், குளம் நெறஞ்சு மறுகால் விழுற தண்ணி கீழ எந்தக் குளத்துக்குப் போகுது, இது மேடானா எத்தனை கிணறு வத்தும்னு எழுதுங்க. சர்வே நம்பர் போடுங்க. கையெழுத்துல ஏலாக்காரங்க மட்டும் வேண்டாம், கரையில துணி துவைக்க வர்ற பொம்பளைங்ககிட்டயும் வாங்குங்க, அவங்களுக்குத்தான் தண்ணி எந்த மாசம் எந்தப் படிக்கு எறங்கும்னு தெரியும். மறுகால் பாயுதப்போ ஒரு போட்டோ எடுத்து எங்களுக்கும் அனுப்புங்க, அட்டையில போடுதோம்.